வண்டி விழுந்தால் ஒலிபெருக்கி பேசாது

சாட்சியாக வந்து நில்லுங்கள். தீர்ப்புச் சொல்லும் கதிரை உங்களுக்கு வேண்டாம். அதில் ஏறி அமர எல்லோருக்கும் ஆசை. நான் உங்களுக்கு ஒதுக்கியிருப்பது அதைவிடக் கடினமான இடம். கண்டதைக் கண்டேன் என்றும், காணாததைக் காணவில்லை என்றும் மட்டுமே சொல்ல அனுமதிக்கப்பட்ட இடம். ஒரு பிற்பகல் முழுவதும் நான் நின்றது அங்கேதான்.

மெல்பேர்னிலும் சிட்னியிலும் வானொலிகளிலும் விழா மேடைகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் புதிதாக ஒலிவாங்கி பிடிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நானும் உங்களைப்போலப் பேச்சினால் வளர்ந்தவன். கிளென் வேவர்லியில் பள்ளி விவாத அணியின் தலைவன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டிக்கு என்னோடு மோத வந்தவர்கள் இரண்டாம் இடத்துக்கு ஆயத்தமாகவே வந்தார்கள். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். மறைப்பதற்குக் காரணம் எதையும் காணேன். எங்கள் விவாதப் பயிற்சியில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது: "தெரியாது" என்ற சொல்லை மேடையில் உச்சரித்தவன் அந்த நொடியிலேயே தோற்றான்.

வட விக்டோரியாவின் கோதுமை நகரொன்றில் நகரசபை வேலை கிடைத்துப் போனவன், அங்குள்ள குதிரைவண்டிப் பந்தயக் கழகத்தின் நேர்முக வர்ணனையாளனாகச் சில பருவங்கள் இருந்தேன். இவ்வாண்டு, பரமட்டாவில் வேறு வேலை அமைந்ததும், வர்ணனைக் கூண்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். முப்பதைத் தொடாத ஒருவன் "ஓய்வு பெற்றேன்" என்று எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். குரலுக்கு வயதெண்ணும் கணக்கு வேறு.

இந்தப் பந்தயத்தைப் பாராதவர்களுக்கு ஒரு விளக்கம். குதிரையின் முதுகில் யாரும் ஏறுவதில்லை. இரண்டு சில்லுகள் கொண்ட இலேசான வண்டிலைக் குதிரை இழுக்கும். சாரதி அதில் கால்களை நீட்டி உட்கார்ந்திருப்பார். குதிரை எவ்வளவு விரைந்தாலும் நடையிலேயே விரைய வேண்டும். நாலுகால் பாய்ச்சலுக்கு மாறினால் சாரதி கடிவாளத்தை இழுத்துப் பின்வாங்கியாக வேண்டும்.

இந்த விதியைக் கேட்டு யூட் அண்ணை சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. மன்னார்க்காரர். படகில் வந்து, பல ஆண்டு விசாவுக்குக் காத்திருந்து, அந்த நகரின் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விடிய எழும்பிக் குதிரை லாயமொன்றில் உதவிக்குப் போய், அங்கேயே முழுநேர வேலையாளானவர்.

"ஓடவும் வேணுமாம், பாயவும் கூடாதாம்!" என்றார். "எங்கட மாட்டுவண்டில் சவாரியில நாம்பன் மாடு பாயாட்டித்தான் பிழை. இவங்கள் குதிரையை ஃபாதருக்கு முன்னால நடக்கிற பெடியன் மாதிரி நடக்கவிடுறாங்கள்."

"அப்ப நீங்கள் ஏன் அண்ணை சாரதி லைசன்சுக்குப் படிக்கிறியள்?"

"பாயாமல் வெல்லுறதெப்பிடி எண்டு பாக்கவேணும், தம்பி. பாஞ்சு பாஞ்சு நான் என்னத்தைக் கண்டனான்?"

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா, "முதல்ல வீட்டில பாயாமல் இருக்கச் சொல்லு," என்றார்.

என்னுடைய முதல் பந்தயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒலிவாங்கி கைக்கு வந்ததும், முன்னணியில் வந்த குதிரையின் பரம்பரையைப் பற்றி அழகானதொரு வாக்கியத்தைத் தொடங்கினேன். வாக்கியம் வினைமுற்றை அடையும் முன்பே வேறொரு குதிரை வென்றுவிட்டது. கீழிருந்து ஒரு விவசாயி கத்தினார்: "வென்றது யார், பிரதமரே? தேர்தல் முடிந்த பிறகுதான் சொல்வீர்களா?" அன்றிலிருந்து அந்தக் கழகத்தில் என் பெயர் பிரதமர். அந்தப் பெயருக்காக நான் வெட்கப்படவில்லை. வாக்கியங்களின் நீளத்தை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

கூண்டின் சாவியை என் கையில் தந்தவர் கழகத்தின் செயலாளர் ஜனீன். உரக்கடை நடத்துபவர், நின்று பேச நேரமில்லாதவர். சாவியோடு ஒரேயொரு விதியையும் தந்தார்.

"வண்டி விழுந்தால் குதிரையின் பெயரைச் சொல். சாரதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதே. அம்புலன்ஸ் திரும்பும்வரை ஒலிபெருக்கி பேசாது."

"ஏன்?"

"என் பெரியம்மா அந்தக் கடையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்," என்று கீழே தகரக் கூரைபோட்ட சிற்றுண்டிக் கடையைக் காட்டினார். "அவருடைய கணவர் விழுந்தார். அன்றைய வர்ணனையாளர் நல்ல மனிதர். 'எழுந்து நிற்கிறார்' என்று சொன்னார். பெரியம்மா வரிசையில் நின்றவர்களுக்குத் தொடர்ந்து தேநீர் ஊற்றினார். எழுந்து நின்றது வேறொருவர்."

கணவர் இறந்தது தெரியாமல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நினைவிலிருந்து ஒலிபெருக்கியின் அந்த மௌனம் பிறந்திருந்தது. அதன் பின் வந்த ஒவ்வொரு வர்ணனையாளருக்கும் சாவியோடு அதுவும் கைமாறியது.

கழகத்துக்கு நூறாண்டு நிறைந்தபோது, விழாப் பந்தயத்தின் முடிவில் அதன் வரலாற்றை நான் மேடையில் உரைக்க வேண்டுமென்று முடிவாயிற்று. அறுவடை முடிந்த வயலில் பால்வண்டிக் குதிரைகளைக் கட்டி ஓட்டிய முதல் விவசாயிகள், வெள்ளத்தில் மிதந்துபோய் மூன்று வயல் தள்ளி ஒதுங்கிய மரமேடை, வறட்சியில் தண்ணீர் தெளிக்க முடியாமல் புழுதிக்குள் நடந்த பந்தயங்கள் என்று பழைய உறுப்பினர்களிடம் கேட்டுக் கேட்டு உரையை அமைத்தேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த உரை அது. ஜனீன் வாசித்துவிட்டு ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"பெரியம்மாவின் நாளை எடுத்துவிடு. இது கொண்டாட்டம்."

"நடுவில் ஓட்டை விழுந்த வரலாறாகிவிடுமே?"

"அந்த ஓட்டை எங்களுடையது, பிரதமரே. அதை நிரப்ப உன்னைக் கேட்கவில்லை."

எடுத்துவிட்டேன். ஆனால் அன்று தொடங்கி எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உரையைப் பேசிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும் நாக்குத் தடுக்கியது.

விழா நாளும் வந்தது. வடக்கிலிருந்து காற்று; குதிரைகள் காதை விறைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நிற்க மறுத்தன. கூண்டு என்பது பார்வையாளர் மேடையின் கூரைமேல் ஒட்டவைத்த தகரப் பெட்டி. அதில் ஒரு கதிரை உண்டு. நான் ஒருநாளும் அதில் இருந்ததில்லை. அன்று நின்ற இடத்திலும் நிற்க முடியவில்லை. ஏனென்றால் கடைசிப் பந்தயத்தின் சாரதிகளில் ஒருவர் யூட் அண்ணை. அவருக்கு அதுதான் முதல் பந்தயம். நீலத்தில் வெள்ளைப் பட்டி போட்ட சட்டை. "மாதாவின்ர நிறம்," என்று காலையிலேயே காட்டியிருந்தார்.

ஸ்டெல்லா அக்கா சிற்றுண்டிக் கடையில் நின்றார். விழாவுக்காக மீன் றோல்ஸ் உருட்டிப் பொரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்கார விவசாயிகள் இரண்டாம் தடவையும் வரிசையில் நின்றார்கள். கடைசிப் பந்தயத்துக்கு மணியடித்ததும், கையில் மாவோடு ஓடிவந்து ஓடுபாதையின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, அவற்ற பேரை வடிவாச் சொல்லு! இவங்கள் 'ஜூடி' எண்டு சொல்லுறாங்கள்!" என்று கத்தினார்.

வடிவாகவே சொன்னேன். கடைசிச் சுற்றில் அவர் நாலாவதாக வந்துகொண்டிருந்தார். குதிரை ஒருமுறைகூடப் பாயவில்லை. எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் வெளிப்புறமாக எடுத்து முன்னேறியபோது, உள்ளேயிருந்து வந்த வண்டிலின் சில்லு அவருடைய சில்லுக்குள் புகுந்தது. இரண்டு வண்டில்களும் கவிழ்ந்தன. புழுதி எழுந்தது.

நான் குதிரைகளின் பெயர்களைச் சொன்னேன். மற்றவை முடிவுக்கோட்டுக்கு வந்தன. வென்ற குதிரையைச் சொன்னேன். பிறகு ஒலிவாங்கியை நிறுத்தினேன். விதி அப்படி.

தொலைநோக்கியில் புழுதி மெல்ல விலகியது. இருவரில் ஒருவர் எழுந்து நின்றார். மற்றவர் எழவில்லை. எழுந்தவரின் சட்டை நீலம். ஆனால் கவிழ்ந்த மற்ற வண்டிலின் சாரதியும், டேன் என்ற உள்ளூர் இளைஞன், கருநீலச் சட்டைதான் போட்டிருந்தான். புழுதி படிந்த பிறகு வெள்ளைப் பட்டி யாருடைய முதுகில் இருக்கிறதென்று பிரித்தறிய முடியவில்லை.

கீழே எல்லா முகங்களும் ஓடுபாதையின் எதிர்ப்பக்கத்தை நோக்கியிருந்தன. ஒரேயொரு முகம் திரும்பி என்னைப் பார்த்தது.

"தம்பி!" ஸ்டெல்லா அக்காவின் குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. "அவர் எழும்பீட்டாரோ?"

புதியவர்களே, அந்தக் கேள்விக்குரிய விடை என் நாக்கின் நுனியில் நின்றது. "எழும்பீட்டார்." ஒரே சொல். ஆறுதலான சொல். உண்மையாக இருப்பதற்குப் பாதி வாய்ப்புள்ள சொல். மேடையில் நான் வென்ற விவாதங்கள் பலவற்றில் என் கையில் அதைவிடக் குறைந்த ஆதாரமே இருந்தது.

பக்கத்தில் வோக்கி டோக்கியோடு நின்ற ஜனீன் என் முகத்தைப் பார்த்தார். "சொல்லாதே."

"அவர் கேட்கிறார், ஜனீன்."

"நீ கண்டது யாரை?"

"தெரியாது."

"அப்படியானால் வாயை மூடு."

"வாயை மூடினால் அதுவும் ஒரு பதில். உங்கள் ஆட்களுக்கு இந்த மௌனத்தின் கதை தெரியும். ஸ்டெல்லா அக்காவுக்குத் தெரியாது. ஒலிபெருக்கி திடீரென்று அடங்கினால் அடுத்து என்ன செய்தி வரும் என்று அறிந்த ஊரிலிருந்து வந்தவர் அவர். இப்போதே அவர் விதவையாகிவிட்டார், பாருங்கள்."

ஜனீன் பார்த்தார். அக்கா கம்பியை விட்டுவிட்டு வேலியோரமாக அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். வேலியின் கதவைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. அதே நேரத்தில், கவிழ்ந்த வண்டில் ஒன்றிலிருந்து அறுத்துக்கொண்ட குதிரை, உடைந்த மரத்தை இழுத்தபடி, ஓடுபாதையில் எதிர்த்திசையாக வந்துகொண்டிருந்தது. முழுப் பாய்ச்சல். கதவைத் திறந்து அவர் உள்ளே இறங்கினால் நேரே அதன் முன்னால்.

இறங்கி ஓடிப்போய்த் தடுக்க நேரமில்லை. ஒலிவாங்கியைத் திறந்தேன்.

"ஸ்டெல்லா அக்கா, நில்லுங்கோ. உள்ளுக்க இறங்காதேங்கோ, குதிரை ஒண்டு அறுத்துக்கொண்டு வருது. கம்பியைப் பிடியுங்கோ." அவர் பிடித்தார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ரெண்டு பேர் விழுந்தவை. ஒராள் எழும்பி நிக்கிறார். அது ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை, அக்கா. உண்மையாத் தெரியேல்லை. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். தெரிஞ்ச உடன உங்களுக்குச் சொல்லுவன்."

நூறாண்டில் அந்த மைதானத்தின் ஒலிபெருக்கியிலிருந்து தமிழ் ஒலித்தது அதுவே முதல் தடவை. முழு மேடையும் ஒரு சொல்லும் விளங்காமல் அதைக் கேட்டது. குதிரை அக்காவைக் கடந்து போனது.

அவர் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்தினார். "சரி தம்பி! பார்! கண்ணை எடுக்காதை!"

அப்போதுதான் மேடையின் மறுபுறத்தில் டேனின் தகப்பன் எழுந்து நிற்பதைக் கண்டேன். அவருக்கும் ஒரு ஆள் அங்கே கிடந்தார், அல்லது நின்றார். ஒரு வீட்டுக்குச் சொல்லி இன்னொரு வீட்டுக்குச் சொல்லாமல் விடுவது எந்த நியாயத்தில் சேரும்? அதே வாக்கியங்களை, அதே வரிசையில், ஆங்கிலத்தில் சொன்னேன். "நிற்பது யார் என்று எனக்குத் தெரியவில்லை."

ஜனீனின் கை ஒலிவாங்கியின் ஆளிமேல் இருந்தது. அமத்தினால் என் குரல் அறும். அவர் அமத்தவில்லை.

காத்திருப்பின் நீளத்தை நான் அளக்கவில்லை, அளந்தவர்கள் அளக்கட்டும். என் கால்கள் தகரத் தரையில் தாளம் தவறி அடித்துக்கொண்டே இருந்தன. அவ்வப்போது, "இன்னும் தெரியேல்லை, அக்கா. அம்புலன்ஸ் கிட்டப் போட்டுது," என்றேன். உடனே ஆங்கிலத்திலும். தெரியாது என்பதையே இத்தனை தடவை, இரண்டு மொழிகளில், நான் வேறெங்கும் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் அக்கா தலையை ஆட்டினார். டேனின் தகப்பன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

கடைசியில் வோக்கி டோக்கி இரைந்தது. ஜனீன் கேட்டுவிட்டு, "நிற்பது டேன்," என்றார். "உன் ஆள் தரையில் கிடக்கிறார்."

அவருடைய பெரியம்மாவின் நாள் மறுபடியும் வந்து கூண்டுக்குள் நின்றது. பாதி வாய்ப்பை நம்பி நான் "எழும்பீட்டார்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நீங்களே சாட்சி.

"உயிரோடா?" என்று கேட்டேன்.

ஜனீன் மறுபடி கேட்டார். மறுமுனையில் யாரோ கத்தினார்கள். அவர் முகத்தில் விளங்காததொரு மாற்றம். "கால் முறிந்திருக்கிறதாம். யாரையோ ஏதோ மொழியில் திட்டிக்கொண்டே இருக்கிறாராம். நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறாரில்லையாம்."

ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனேன். "அக்கா, நிக்கிறது டேன். யூட் அண்ணை நிலத்தில கிடக்கிறார். கால் முறிஞ்சுபோச்சாம். ஆனா கதைக்கிறார்."

"கதைக்கிறாரோ? என்ன கதைக்கிறார்?"

"ஏசுறாராம், அக்கா. எல்லாரையும்."

அக்கா கம்பியில் நெற்றியை வைத்தார். தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாயிருந்தன. "அப்ப அவர்தான்!" என்றார். "வேற ஆரெண்டு நினைச்சனி?"

டேனின் தகப்பனுக்குச் சொன்னேன். அவர் வேலியோரமாக நடந்துபோய் ஸ்டெல்லா அக்காவுக்குப் பக்கத்தில் நின்று, அம்புலன்ஸ் திரும்பி வரும்வரை அவருடைய மாவு படிந்த கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அம்புலன்சில் ஏறும்போது என்னைப் பார்த்து, "போட்டு வாறன், தம்பி! றோல்ஸ் மிச்சமிருக்கு, வீணாக்காதேங்கோ!" என்று கத்திவிட்டுப் போனார்.

அதன் பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மேடை சோடித்திருந்தது. என் உரை சட்டைப் பையில் இருந்தது. கூட்டம் வீட்டுக்கும் போகாமல், இருக்கவும் முடியாமல் நின்றது. குழு உறுப்பினர் ஒருவர் நிகழ்ச்சியை ரத்துச் செய்யலாம் என்றார். ஜனீன் அவரைக் கவனிக்கவில்லை.

"விதியை உடைத்துவிட்டாய்," என்றார் என்னிடம்.

"ஆம். மறுபடியும் உடைப்பேன்."

"இல்லை. இனி உடைக்க அந்த விதியே இருக்காது," என்றார். "பெரியம்மாவுக்கு யாராவது 'தெரியவில்லை' என்று சொல்லியிருந்தால், கோப்பையைக் கீழே வைத்திருப்பார். அது போதுமாயிருந்திருக்கும் அவருக்கு." பிறகு வழக்கமான அவசரத்தோடு, "போய்ப் பேசு. அந்த நாளையும் சேர்த்துச் சொல். நீளமாக வேண்டாம், பிரதமரே," என்றார்.

மேடையேறினேன். பால்வண்டிக் குதிரைகளைச் சொன்னேன், வெள்ளத்தைச் சொன்னேன், புழுதிப் பந்தயங்களைச் சொன்னேன். தேநீர்க் கடையைச் சொன்ன இடத்தில் நாக்குத் தடுக்கவில்லை. எழுதிவைத்திருந்த முடிவுரை அற்புதமானது. அதை வாசிக்காமல் மடித்து வைத்தேன். அந்தக் கூண்டில் நானும், எனக்குப் பின் வருபவர்களும் செய்ய வேண்டியதை ஆங்கிலத்தில் உரத்து வாக்களித்தேன். யாரும் கைதட்டவில்லை, பலர் தலையசைத்தார்கள். தமிழ் விளங்கும் ஒருவரும் அப்போது அந்த மைதானத்தில் இல்லை. இருந்தும், அம்புலன்ஸ் போன பாதையைப் பார்த்தபடி, தமிழிலும் சொன்னேன்:

"தெரிஞ்சாச் சொல்லுவன். தெரியாட்டி, தெரியேல்லை எண்டு சொல்லுவன். பேசாமல் மட்டும் இருக்கமாட்டன்."